தேக்கை எரிக்கலாமா? – கெளுத்தி மீனின் தீவனக் கணக்கு

ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவுக்கும் ஜன்னலுக்கும் தேக்கு மரம் வேண்டும். வேலையாட்களுக்குச் சமைக்க விறகு வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கலந்து வந்து இறங்குகின்றன. ஒரு வண்டியில் எவ்வளவு தேக்கு, எவ்வளவு விறகு என்பதை மரக்கடைக்காரரே முடிவு செய்து ஏற்றி அனுப்புகிறார்.

வண்டியில் விறகு குறைவாக இருந்தால் என்ன ஆகும்? உலை கொதித்தாக வேண்டும். ஆகவே தேக்குப் பலகையைப் பிளந்து அடுப்பில் வைப்பார்கள். தேக்கும் நன்றாகத்தான் எரியும். சோறும் வெந்துவிடும். ஆனால் கதவு செய்ய மரம் போதாது. செலவோ பல மடங்கு.

வண்டியில் விறகு மிக அதிகமாக இருந்தால்? "முற்றமெல்லாம் விறகு, இனி வண்டியே வேண்டாம்" என்று வீட்டுக்காரர் நிறுத்திவிடுவார். விறகோடு சேர்ந்து வரவேண்டிய தேக்கும் நின்றுபோகும். அப்போதும் கதவு முடியாது. எரியாத விறகு மூலை முடுக்கெல்லாம் குவிந்து கிடக்கும்.

பண்ணைக் குளத்தில் வளரும் ஒரு மீனின் உடலுக்குள் இதே கதை நாள்தோறும் நடக்கிறது. அங்கே தேக்கு என்பது புரதம். விறகு என்பது ஆற்றல். வண்டி என்பது மீன் விழுங்கும் தீவன உருண்டை. இந்த வண்டியில் இரண்டையும் எந்த விகிதத்தில் ஏற்றுவது என்பதுதான் மீன் தீவன அறிவியலின் மையக் கேள்வி. அதற்கு விடை கண்ட விதத்தையும், அந்தக் கணக்கை நீங்களே போடும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

மிசிசிப்பிக் குளங்கள்

இந்தக் கணக்கு மிக விரிவாக ஆராயப்பட்ட மீன்களுள் ஒன்று அமெரிக்காவின் சேனல் கெளுத்தி. இதன் அறிவியல் பெயர் இக்டலூரஸ் பங்டேட்டஸ். நம் ஊர் ஆறு குளங்களில் கிடைக்கும் கெளுத்தியைப் போலவே இதற்கும் உடலில் செதில் கிடையாது. வாயைச் சுற்றி மீசை உண்டு. துடுப்பில் குத்தும் முள் உண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்றாலும் உயிரின வகைப்பாட்டில் ஒரே வரிசையில் அடங்கும் உறவினர்களே.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சமவெளி, நீரைக் கசியவிடாத களிமண் பூமி. பருத்தி விளைந்த அந்த நிலத்தில், மிசிசிப்பி மாநிலத்தின் முதல் வணிகக் கெளுத்திக் குளம் 1965-ஆம் ஆண்டில் வெட்டப்பட்டது. அதன் பின் தொழில் வேகமாகப் பரவியது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 30 கோடி கிலோ கெளுத்தியைப் பதப்படுத்தின. அதுவே உச்சம். பிறகு வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியான மீனின் போட்டி ஒருபுறம் நெருக்கியது. 2008-ஐ ஒட்டி மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறியது மறுபுறம் நெருக்கியது. பல குளங்கள் மூடப்பட்டன.

மக்காச்சோள விலைக்கும் மீன் குளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? பண்ணைக் கெளுத்தி உண்ணும் தீவனத்தில் பெரும்பகுதி சோயா பிண்ணாக்கும் மக்காச்சோளமும்தான். மீன் வளர்ப்பவரின் செலவில் ஏறத்தாழ பாதி தீவனத்துக்கே போய்விடுகிறது. ஆகவே வண்டியில் தேக்கும் விறகும் சரியாக ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்பது அவருக்கு வெறும் பாடநூல் கேள்வியன்று, பிழைப்புக் கேள்வி.

உண்பது எதற்காக?

உயிர்கள் உணவை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. ஒன்று, உடலைக் கட்டுவது. தசை, தோல், இரத்தம், நொதிகள் எல்லாம் புரதத்தால் ஆனவை. இரண்டாவது, எரிப்பது. நீந்தவும், சுவாசிக்கவும், இதயம் துடிக்கவும், புதிய தசையைக் கட்டவும்கூட ஆற்றல் வேண்டும்.

ஆற்றலைக் கிலோகலோரி என்ற அலகால் அளக்கிறோம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கிலோகலோரி. உணவில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றும் எரிந்து ஆற்றல் தரக்கூடியவை. எடைக்கு எடை பார்த்தால் கொழுப்புதான் மற்ற இரண்டைவிடவும் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் தரும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். மாவுச்சத்தும் கொழுப்பும் எரியும். ஆனால் அவற்றிலிருந்து தசையைக் கட்ட முடியாது. ஏனெனில் புரதத்தில் உள்ள நைட்ரஜன் அவற்றில் இல்லை. புரதமோ கட்டவும் உதவும், எரியவும் செய்யும். தேக்குக்கும் விறகுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சந்தையில் புரதம் மிகுந்த பொருளுக்கு விலையும் அதிகம். ஆகவே தீவனம் தயாரிப்பவரின் நோக்கம் ஒன்றுதான்: எரிப்பதற்கு மாவும் கொழுப்பும் போகட்டும், புரதம் கட்டுவதற்கே நிற்கட்டும்.

தட்டு ஒரு பக்கம் தாழ்ந்தால்

தீவனத்தில் ஆற்றல் குறைந்து புரதம் மிகுந்தால், மீன் அந்தப் புரதத்தை எரிக்கத் தொடங்கும். அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜன் பிரிக்கப்பட்டு அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கும். எஞ்சிய பகுதி எரிந்து ஆற்றலாகும். மீன் வளரும்; ஆனால் விலை உயர்ந்த பொருளை எரித்து வளரும். குளத்து நீரும் கெடும்.

ஆற்றல் மிகுந்து புரதம் குறைந்தால் வேறொரு தொல்லை. மீன் எவ்வளவு உண்பது என்பதை நிர்ணயிப்பதில் ஆற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆற்றல் தேவை நிறைவேறியதும் பசி அடங்கிவிடும். உடலைக் கட்டத் தேவையான புரதம் இன்னும் உள்ளே போகவில்லை என்றாலும் மீன் வாயை மூடிக்கொள்ளும். எரிக்கப்படாத ஆற்றல் கொழுப்பாக மாறி வயிற்றறைக்குள் குடலைச் சுற்றிப் படியும். மீனைச் சுத்தம் செய்யும்போது இந்தக் கொழுப்பு கழிவாகப் போகும். தராசில் எடை இருக்கும். சதை குறைவாக இருக்கும். சதையில் கொழுப்பு மிகுந்தால் குளிரறையில் வைத்திருக்கும்போது சிக்கு வாடையும் விரைவில் வந்துவிடும்.

ஆக, "புரதம் நல்லது, ஆகவே நிறையப் போடு" என்பதும் தவறு. "மக்காச்சோளம் மலிவு, ஆகவே அதையே நிறையப் போடு" என்பதும் தவறு. எவ்வளவு என்பதைவிட, ஒன்றுக்கு மற்றொன்று எவ்வளவு என்பதே இங்கு முக்கியம்.

உள்ளே போனதில் எவ்வளவு சேர்ந்தது?

விகிதம் காண முதலில் ஆற்றலை அளக்க வேண்டும். தீவனத்தை ஒரு மூடிய கலத்தில் ஆக்சிஜன் நிரப்பி எரித்து, வெளிப்படும் வெப்பத்தை அளந்துவிடலாம். இதற்கான கருவிக்கு வெப்ப அளவி என்று பெயர். ஆனால் அடுப்பில் எரிவதெல்லாம் வயிற்றில் செரிப்பதில்லை. மரத்தூளும் எரியும், அதை உண்டு மீன் வளருமா? ஆகவே செரித்து உடலில் சேர்ந்த ஆற்றலை மட்டும் கணக்கிட வேண்டும். இதைச் செரிக்கத்தக்க ஆற்றல் என்பர்.

கோழியாக இருந்தால் அது தின்றதையும் அதன் எச்சத்தையும் திரட்டி நிறுத்துவிடலாம். நீருக்குள் இருக்கும் மீனின் கழிவு முழுவதையும் எப்படித் திரட்டுவது? அறிவியலார் ஓர் எளிய தந்திரத்தைக் கையாண்டனர். தீவனத்தில் குரோமிய ஆக்சைடு என்னும் பச்சைத் தூளைச் சிறிதளவு கலந்தனர். இது செரிக்காது, உடலில் சேராது, போன அளவே வெளியே வரும். ஆகவே கழிவு முழுவதும் வேண்டியதில்லை. சிறிது கிடைத்தாலே போதும்.

எடுத்துக்காட்டாக, 100 கிராம் தீவனத்தில் 1 கிராம் பச்சைத் தூளும் 420 கிலோகலோரி ஆற்றலும் உள்ளன என்போம். கழிவைச் சேகரித்து உலர்த்திச் சோதிக்கிறோம். அதன் 100 கிராமில் 2.5 கிராம் பச்சைத் தூளும் 350 கிலோகலோரி ஆற்றலும் இருக்கின்றன. அப்படியானால் 1 கிராம் பச்சைத் தூள் 40 கிராம் கழிவில் இருக்கும். அந்த 40 கிராமில் உள்ள ஆற்றல் 140 கிலோகலோரி. 420 உள்ளே போயிற்று, 140 வெளியே வந்தது, 280 செரித்தது. எனவே ஒரு கிலோகிராம் தீவனத்தின் செரிக்கத்தக்க ஆற்றல் 2800 கிலோகலோரி. ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும்தான் கணக்கு!

பொரியும் முறுக்கும்

இம்முறையில் சோதித்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. மக்காச்சோளத்தைப் பச்சை மாவாகக் கொடுத்தால் கெளுத்தியால் அதன் ஆற்றலில் பெரும்பகுதியைப் பெற முடிவதில்லை. அதையே வேகவைத்துக் கொடுத்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்குக்கும் மேல் ஆகிறது. வெப்பமும் ஈரமும் மாவுச்சத்தின் துகள்களை உப்பி விரியச் செய்வதால் நொதிகள் எளிதில் வேலை செய்கின்றன. நாம் அரிசியை வேகவைத்து உண்பதும் இதனால்தானே!

இன்று மீன் தீவன ஆலைகளில் மாவைப் பிசைந்து, நீராவியால் சூடேற்றி, மிகுந்த அழுத்தத்தில் சிறு துளைகள் வழியே தள்ளுகிறார்கள். முறுக்கு உழக்கைப் போன்ற ஏற்பாடுதான். துளையைவிட்டு வெளியே வந்ததும் அழுத்தம் திடீரென்று குறைகிறது. உள்ளே இருந்த நீர் ஆவியாகிப் பாய்ந்து வெளியேற, மாவு பொரிபோல உப்புகிறது. உள்ளே காற்று அறைகள் உண்டாவதால் உருண்டை தண்ணீரில் மிதக்கும். குளத்தின் கலங்கல் நீரில் மீன் தெரியாது. ஆனால் மிதக்கும் தீவனத்தை உண்ண அது மேலே வருகிறது. மீன் உண்கிறதா, போதும் என்று ஒதுங்குகிறதா என்பதைக் கரையில் நின்றே அறியலாம். வேகவைப்பதால் இப்படி இரு நன்மைகள்: மாவுச்சத்தும் செரிக்கிறது, தீவனமும் வீணாகாமல் காக்கப்படுகிறது.

அந்த எண் என்ன?

சரியான விகிதத்தைக் காண ஒரே அளவுள்ள குஞ்சுகளைப் பல தொட்டிகளில் விடுவார்கள். எல்லாத் தொட்டிக்கும் நீரும் வெப்பமும் ஒன்றே. தீவனத்தில் மட்டும் மாற்றம்: ஆற்றலை மாற்றாமல் புரதத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டுவார்கள், பிறகு புரதத்தை மாற்றாமல் ஆற்றலைக் கூட்டுவார்கள். தற்செயலான வேறுபாடுகள் ஏமாற்றிவிடாதபடி ஒவ்வொரு தீவனத்துக்கும் மூன்று நான்கு தொட்டிகள் இருக்கும். சில வாரங்களுக்குப் பின் மீன்களை நிறுத்து, உடலில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் பகுத்துப் பார்ப்பார்கள். புரதம் கூடக்கூட வளர்ச்சி ஏறும். ஓர் இடத்துக்கு மேல் ஏறாது. அந்த வளைவுதான் தேடும் இடம்.

இத்தகைய ஆய்வுகளின் முடிவு: குளத்தில் வளரும் சேனல் கெளுத்திக்கு ஒரு கிராம் புரதத்துக்கு 8.5 முதல் 9.5 கிலோகலோரி வரை செரிக்கத்தக்க ஆற்றல் இருந்தால் போதும். விற்பனைக்காக வளர்க்கும் மீனின் தீவனத்தில் பொதுவாக 28 முதல் 32 விழுக்காடு வரை புரதம் இருக்கும். குஞ்சுகள் வேகமாக உடலைக் கட்டுவதால் அவற்றின் தீவனத்தில் புரதம் இன்னும் அதிகம்.

இப்போது கோழியைப் பாருங்கள். இறைச்சிக் கோழிக் குஞ்சின் தீவனத்தில் ஒரு கிலோவுக்குச் சுமார் 3000 கிலோகலோரியும், 220 கிராம் புரதமும் இருக்கும். வகுத்தால் கிராமுக்கு ஏறத்தாழ 13.6 கிலோகலோரி. மீனைவிடக் கோழிக்கு விறகு அதிகம் வேண்டும். ஏன்?

முதலாவதாக, கோழி வெப்ப இரத்தப் பிராணி. வெளியே குளிரானாலும் உடலைச் சுமார் 41 டிகிரியில் வைத்திருக்க அது எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மீனின் உடல் வெப்பமோ நீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். இரண்டாவதாக, கோழி தன் எடையைக் காலில் தாங்கி நிற்க வேண்டும். மீனைத் தண்ணீரே தாங்குகிறது. மூன்றாவதாக, நைட்ரஜன் கழிவைக் கோழி யூரிக் அமிலமாக மாற்றி வெளியேற்றுகிறது. இதற்கு ஆற்றல் செலவாகும். மீன் அதை அம்மோனியாவாகவே செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது.

இதிலிருந்து ஒரு பொதுவான தவறான எண்ணமும் நீங்குகிறது. மீன் தீவனத்தில் 32 விழுக்காடு, கோழித் தீவனத்தில் 22 விழுக்காடு என்று பார்த்தவுடன், மீனுக்குப் புரதம் மிக அதிகம் தேவை என்று தோன்றும். வண்டியை நினைத்துப் பாருங்கள். 20 துண்டு தேக்கும் 80 துண்டு விறகும் இருந்தால் தேக்கு 20 விழுக்காடு. தேக்கைத் தொடாமல் விறகை மட்டும் 40 ஆகக் குறையுங்கள். இப்போது 60 துண்டில் 20 தேக்கு. அதாவது 33 விழுக்காடு! தேக்கு கூடவில்லை, விறகு குறைந்தது. மீன் தீவனத்தில் புரத விழுக்காடு உயர்ந்து தெரிவதற்குப் பெரும்பாலான காரணம், மீனின் சிக்கனம்தான்.

நீங்களே கலந்து பாருங்கள்

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சோயா பிண்ணாக்கில் 48 விழுக்காடு புரதம். மக்காச்சோளத்தில் 9 விழுக்காடு. இரண்டையும் கலந்து 32 விழுக்காடு புரதமுள்ள தீவனம் செய்ய வேண்டும். எவ்வளவு சோயா, எவ்வளவு சோளம்?

ஒரு சதுரம் வரையுங்கள். இடப்பக்க மூலைகளில் மேலே 48, கீழே 9 என்று எழுதுங்கள். நடுவில் வேண்டிய எண் 32. இனி மூலைக்கு மூலை குறுக்காகக் கழியுங்கள். 32-இலிருந்து 9 போனால் 23. இது சோயாவின் பங்கு. 48-இலிருந்து 32 போனால் 16. இது மக்காச்சோளத்தின் பங்கு. மொத்தம் 39 பங்கு. ஆகவே ஒரு கிலோவில் சோயா ஏறத்தாழ 590 கிராம். சோளம் 410 கிராம்.

இனி ஆற்றல். கணக்கு எளிதாக இருக்க, சோயா பிண்ணாக்கின் செரிக்கத்தக்க ஆற்றலைக் கிராமுக்கு 3 கிலோகலோரி என்றும், வேகவைத்த சோளத்துக்கு 2.5 என்றும் வைத்துக்கொள்வோம். சோயாவிலிருந்து 1770; சோளத்திலிருந்து 1025; ஆக 2795 கிலோகலோரி. இதைப் புரதம் 320 கிராமால் வகுத்தால் 8.7. எல்லைக்குள் இருக்கிறது!

சோளம் மலிவு என்று அதைக் கூட்டி 24 விழுக்காட்டுப் புரதம் வைத்தால்? சோயா 385 கிராம். சோளம் 615 கிராம். ஆற்றல் ஏறத்தாழ 2690. அதை 240 ஆல் வகுத்தால் 11.2. விறகு மிகுந்துவிட்டது, மீன் கொழுக்கும்.

புரதம் நல்லதென்று 40 விழுக்காடு வைத்தால்? சோயா 795 கிராம். சோளம் 205 கிராம். ஆற்றல் ஏறத்தாழ 2900. அதை 400 ஆல் வகுத்தால் 7.2. விறகு போதாது, தேக்கு அடுப்புக்குப் போகும்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்று தீவனங்களிலும் மொத்த ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது விகிதம்தான். உண்மையான தீவனத்தில் தவிடு, எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள் ஆகியவையும் சேரும். கணக்கின் அடிப்படை மட்டும் மாறாது.

எல்லாத் தேக்கும் தேக்கல்ல

எடைக் கணக்கு சரியாக இருந்தால் போதுமா? போதாது. புரதம் என்பது ஒரே பொருளன்று. சுமார் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. இவற்றுள் பத்தை மீனால் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஆர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், பினைல் அலனின், த்ரியோனின், டிரிப்டோபேன், வாலின் ஆகியவை அவை.

எழுத்து அட்டைகளை வைத்து 'கெளுத்தி' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப அமைக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். கெ, ளு, த், தி என்று நான்கு வகை அட்டைகள் வேண்டும். மற்றவை நூறு நூறு இருந்தும் 'ளு' மட்டும் பத்துதான் இருந்தால், பத்துச் சொற்களுக்கு மேல் அமைக்க முடியாது. மிஞ்சிய அட்டைகள் பயனற்றவை. மீனின் உடலும் அப்படியே. ஏதேனும் ஓர் அமினோ அமிலம் குறைந்தால் மற்றவை கட்டடத்துக்கு உதவாமல் எரிக்கப்படும்.

கெளுத்தித் தீவனத்தில் பெரும்பாலும் முதலில் குறைவது லைசின். புரதத்தில் 5.1 விழுக்காடு லைசின் இருக்க வேண்டும் என்பது ஆய்வில் கண்ட அளவு. 32 விழுக்காட்டுப் புரதத் தீவனம் ஒரு கிலோவில் அது 16.3 கிராம் ஆகிறது. சோயா புரதத்தில் லைசின் தாராளமாக உண்டு. பருத்திக் கொட்டைப் பிண்ணாக்கிலும் கடலைப் பிண்ணாக்கிலும் அது குறைவு. மக்காச்சோளத்திலோ இன்னும் குறைவு. கடலைப் பிண்ணாக்கையும் சோளத்தையும் மட்டும் கலந்து அதே 32 விழுக்காட்டை எட்டினால் லைசின் 11 கிராம் அளவில் நின்றுவிடும். மூன்றில் இரு பங்குப் புரதம்தான் வேலைக்கு ஆகும். மூட்டையின் மேல் 32 என்று அச்சிட்டிருந்தாலும் மீனுக்கு அது 32 அன்று.

நம் நாட்டில் கட்லா, ரோகு வளர்க்கும் குளங்களில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் நெடுங்காலமாகப் போடப்பட்டு வருகின்றன. அங்கே அது ஒப்பேறுவதற்குக் காரணம், அந்த மீன்கள் குளத்தில் தாமாக உண்டாகும் நுண்ணுயிர்களையும் உண்டு குறையை ஈடுசெய்துகொள்வதே. மீன்களை நெருக்கமாக விட்டு முழுவதும் மூட்டைத் தீவனத்தை நம்பி வளர்க்கும் குளத்தில் இந்தச் சலுகை கிடையாது.

செலவு பையில் மட்டுமன்று

புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஒரு கிலோ எடை கூட மீனுக்கு 2 கிலோ தீவனம் ஆகிறது என்போம். 32 விழுக்காட்டுத் தீவனத்தில் அது 640 கிராம் புரதம். அதில் நைட்ரஜன் 102 கிராம். ஒரு கிலோ மீனின் உடலில் புரதம் சுமார் 160 கிராம்தான். அதில் நைட்ரஜன் 26 கிராம். மீதி 76 கிராம் நைட்ரஜன் எங்கே? குளத்தில்தான். நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு!

விகிதம் சரியாக இருந்தும் இவ்வளவு என்றால், வேண்டாத புரதத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நீரில் சேரும் அம்மோனியாவின் ஒரு பகுதியைப் பாசி உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு அவை நீரில் உள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கும். பெருகிய பாசியும் இரவில் ஆக்சிஜனை இழுக்கும். விடியுமுன் ஆக்சிஜன் குறைந்து குளம் முழுவதும் மீன் செத்து மிதக்க ஓர் இரவு போதும். மிசிசிப்பிக் குளங்களில் கோடை இரவெல்லாம் நீரை வாரியடிக்கும் துடுப்புச் சக்கரங்கள் சுழல்வது இதனால்தான்.

நைட்ரைட்டும் சும்மா இருப்பதில்லை. செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த முடியாத வடிவுக்கு மாற்றிவிடுகிறது. மீனின் இரத்தம் சிவப்பு மாறிப் பழுப்பாகிவிடும். நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். இதைத் தடுக்கப் பண்ணையாளர்கள் குளத்தில் சாதாரண உப்பைக் கரைத்து வைக்கிறார்கள். உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் செவுளில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கின்றன.

ஆகவே தீவன மூட்டையில் செய்யும் பிழை பண்ணையாளரின் பையோடு நிற்பதில்லை. மீன் மூச்சுவிடும் தண்ணீருக்கே போய்ச் சேருகிறது. தேக்கை எரித்தால் மரம் மட்டும் நட்டமில்லை. வீடு நிறையப் புகையும் சூழும்.

செய்து பாருங்கள்

1. 30 விழுக்காட்டுப் புரதமுள்ள தீவனத்துக்குச் சோயாவும் மக்காச்சோளமும் எவ்வளவு வேண்டும்? கிராமுக்கு எத்தனை கிலோகலோரி வருகிறது? (விடை: சோயா 538 கிராம், சோளம் 462 கிராம், 9.2. எல்லைக்குள் உள்ளது.)

2. அருகில் உள்ள கோழித் தீவனக் கடைக்குச் சென்று மூட்டையில் அச்சிட்டுள்ள புரத அளவையும் ஆற்றல் அளவையும் குறித்து வாருங்கள். குஞ்சுத் தீவனத்துக்கும் வளர்ந்த கோழித் தீவனத்துக்கும் விகிதம் காணுங்கள். எதில் புரதத்தின் பங்கு அதிகம்? ஏன்?

3. நீங்கள் நேற்று உண்டவற்றை எழுதி, எது தேக்கு, எது விறகு என்று பிரித்துப் பாருங்கள். சோற்றோடு பருப்பு சேர்வது ஏன் என்பதற்கு இக்கட்டுரையிலேயே ஒரு விடை இருக்கிறது. எழுத்து அட்டைகளை மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.